குப்பிக்குத் தெரிந்த ஒரே திசை

இங்கிலாந்திலிருந்து லீவுக்கு சங்கரன்கோவில் வந்திருந்தோம். ஊர் திரும்ப நாலு நாள் இருக்கையில், என் ஒன்பது வயது மகள் அஸர் தொழுகைக்கு முசல்லாவை விரித்தாள். அங்கே வீட்டில் ஜன்னலைப் பார்த்துத்தான் தொழுவாள். பழக்கத்தில் இங்கேயும் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டாள். இங்கே ஜன்னல் கிழக்கே; தொழும் திசையான கிப்லாவோ மேற்கே.

கணவரின் அத்தை, எல்லோருக்கும் குப்பி, பார்த்துவிட்டார். அவர் பேச்சு என்றால் எனக்குக் காது நீளும். அன்றைக்கும் நீண்டது.

"ஏட்டி, ஒம்மவ கெழக்க பாத்துல்லா நிக்குதா!"

மகளை மேற்கே திருப்பி நிறுத்திவிட்டு, "அங்க தென்கிழக்க பாத்துத்தான் தொழணும் குப்பி. மக்கா அங்கேருந்து அந்தப் பக்கம்லா இருக்கு" என்றேன்.

"கிப்லான்னா மேக்குதாம்ட்டி. வெள்ளக்காரன் ஊருக்குப் போனா கஃபா எடம் மாறிருமோ?"

கூடத்திலிருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. துபாயில் பதினைந்து வருஷம் இருந்த கொழுந்தனும் ஆட்டினார். அங்கேயும் மேற்கேதானாம். ஆக, உலகமே மேற்கு.

இவர்களுக்குப் பாங்கு தானாக வந்து காதில் விழுகிறது. அதைத் தாங்களே சம்பாதித்ததுபோல ஒரு மிதப்பு. மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பி, பன்றி ஜெலட்டின் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, வேண்டாம் என்று திரும்ப வைக்கிற பிள்ளை என் மகள். பள்ளிக்கூட லைப்ரரி மூலையில் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி விரித்துத் தனியாகத் தொழுகிறவள். அவளுக்கு இவர்கள் மார்க்கம் சொல்லித் தரப்போகிறார்களாம்!

குப்பி என் கணவரிடம் திரும்பினார். "புள்ளைய இங்கனயே உட்டுட்டுப் போலே. மதரசாவுல சேத்து நான் பாத்துக்கிடுதேன். அங்கன தாய்க்காரிக்கே தெசை தெரியல."

"ஒரு வருஷம் இருக்கட்டுமே" என்றார் அவர், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு.

அங்கே காம்பஸ் வைத்து, இதுதான் கிப்லா என்று எங்களுக்குக் காட்டியதே இந்த மனிதர்தான்.

"அங்க நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவுதீக? குப்பிட்ட சொல்லுங்க" என்றேன்.

"அது... தென்கிழக்குதான் குப்பி."

"யா அல்லா, நீயுமாலே!"

"அப்ப இவுகள மதரசாவுல சேத்துருங்க குப்பி" என்றேன். "நானும் எம்மவளும் ஃப்ளைட் ஏறுதோம்."

கூடமே திரும்பி என் கணவரைப் பார்த்தது. மகள் சலாம் கொடுத்து எழுந்து, எல்லோரும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

மறுநாள் மகளுடையதும் சேர்த்து மூன்று பெட்டிகளையும் என் கணவரே கட்டினார். நான் ஒரு கை கொடுக்கவில்லை.