நண்டு உடைத்த கைகளுக்கு ஒரு டோனர்

மருந்துக்கடையில் நிற்பவள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது: மருந்து வாங்குபவர் நாம் சொல்வதைக் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்பவர் சொல்வதையே கேட்பார்.

நான் இரசாயனவியலில் பட்டம் பெற்று, மருந்தாளர் சான்றிதழும் எடுத்து, ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய பார்மசியில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறேன். வெயில் பட்டால் சிவந்து, உப்புக்காற்றுப் பட்டால் செதில் எழும்பும் தோல் எனக்கு. ஆகவே லக்டிக் அமிலம் சிறிதளவே கலந்த மென்மையான டோனர் என்னும் முகப்பூச்சுத் திரவம் ஒன்றை எனக்காக வரவழைத்தேன்; என் முகம் தேறியதைக் கண்டவர்கள் கேட்கவே கடைக்கும் எடுத்தேன். இறந்த மேல்தோலை மெல்லத் தளர்த்திக் கழற்றுவது அதன் வேலை. தொட்டால் எரியும் தோலோ, பிறருக்கு அறிவுரை சொல்லிக் களைக்கும் தொழிலோ உங்களுக்கும் வாய்த்திருந்தால், கீழே வருபவை உங்களுக்குப் புதினமாக இரா.

காலைப் படகு

நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் திங்கள்தோறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுபவர். டோனரை இரவில் பூசுங்கள், காலையில் வெயில் தடுப்புக் கிரீம் போடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். அமிலம் கழற்றிய தோல் வெயிலைத் தாங்காது. அவர் காலையில் டோனரைப் பூசிக்கொண்டு, கிரீம் இல்லாமல், படகின் மேல்தட்டில் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தபோது மூக்கும் கன்னங்களும் உரிந்திருந்தன. கிரீம் ஏன் பூசவில்லை என்று கேட்டேன்.

"வெள்ளையாப் பூசிக்கொண்டு போனால் பிள்ளையள் சிரிக்குங்கள். உரிஞ்ச முகத்தோடை போனால் பாவம் மிஸ் எண்டு சத்தம் போடாமல் இருக்குதுகள்."

எரியாத போத்தல்

புளியங்கூடல் மகேஸ்வரி அக்கா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதை வகுப்பறையாக்கிவிடுவார். வாங்கிய நாலாம் நாள் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் சிவப்பில்லை, செதிலில்லை, எரிவில்லை. அதுதான் முறைப்பாடு. எரியக்கூடாது என்பதற்காகவே மெல்லிய அமிலமாகத் தந்தேன், ஒரு மாதமாவது பொறுங்கள் என்றேன். அவரோ பின்னால் வரிசையில் நின்ற இளம்பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எரிஞ்சால்தான் பிள்ளை மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம். இது வெறும் தண்ணி."

ஏழு கேள்விகள்

அந்த இளம்பெண் யசிந்தா. கரையோர மீன்பிடிக் குடும்பம். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் கொம்பனியில் வேலை. கணவர் பிரான்சுக்குப் போய் ஆறு ஆண்டுகள். அவளை அங்கே அழைப்பதற்கான விசா அலுவல் அப்போதுதான் கூடி வந்திருந்தது. நீராவியும் வெயிலும் பட்டு அவளுடைய கன்னங்கள் சொரசொரத்துச் சிவந்திருந்தன, என்னுடையவை முன்பு இருந்ததைப்போலவே.

அவள் முகத்தைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டேன். காதுக்குப் பின்னால் பூசிப் பாரும், பிறகு கிழமைக்கு இரண்டு தரம் மட்டும் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இது முகத்துக்கு மட்டுமா, வேறு இடத்துக்கும் ஆகுமா? அடுத்தவரின் மருந்துச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் தோல்தானே" என்று சொல்லிவிட்டேன். கைகளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

"அப்ப சரி அக்கா."

பத்து விரல்

இரண்டு மாதத்தின் பின் வந்தாள். ஆட்கள் போகும்வரை நின்று, பிறகு இரு கைகளையும் மேசையில் விரித்து வைத்தாள். விரல் நுனிகள் இளஞ்சிவப்பாய், பளபளவென்று, ஒரு வரிகூட இல்லாமல் இருந்தன.

"என்ன செய்தனீர்?"

"டோனர் பூசினனான். நண்டு மணம் போகட்டும் எண்டு. ஆறு வருசத்துக்குப் பிறகு அந்த மனிசனுக்குக் கிட்டப் போகேக்கை கொம்பனி மணக்கக்கூடாதெல்லோ."

"ஓடு வெட்டின காயத்திலை எரியேல்லையோ?"

"எரிஞ்சது. வேலை செய்யுது எண்டு நினைச்சன்."

கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுக்கும் இயந்திரம் அவள் விரல்களை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள் என்றிருக்கிறாள். கழுவி வந்தும் பதியவில்லை. பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பதினைந்து நாளும் யசிந்தா நாளுக்கு மூன்று தரம் பஞ்சில் தோய்த்து விரல்களைத் தேய்த்திருக்கிறாள். இரண்டாம் முறை இயந்திரத்துக்கு அங்கே விரல் இருப்பதே தெரியவில்லை.

குற்றத்தைச் சரியாகப் பங்கிடுவோம். பாதி ரேகையை நண்டு ஓடு முன்னரே தேய்த்திருந்தது. கையுறை போட்டால் சதைக்குள் கிடக்கும் ஓட்டுத் துண்டு விரலுக்குத் தெரியாதென்று அங்கே வெறுங்கை வேலை. மீதியை அமிலம் கழற்றியது. போத்தலை நீட்டியவள் நான். கழுவச் சொன்னது ரேகைக்காக, மணத்துக்காக அல்ல என்று எவ்வளவோ விளக்கினேன். அவள் ஏற்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு மணந்திட்டுது அக்கா. முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் கழுவச் சொன்னவ."

திறந்த தொலைபேசி

நண்டும் வேண்டாம், டோனரும் வேண்டாம், வசலின் மட்டும் பூசும் என்றேன். அவள் வேலையை விட்டு நின்றாள். கிழமைக்கு ஒரு தரம் கைகளைக் காட்ட வந்தாள். அலை வடிந்த மணலில் வரி விழுவதைப்போல ரேகைகள் மெல்லத் திரும்பின. ஒரு நாள், மாதக் கணக்காக அவள் பெருவிரலை அறியாதிருந்த அவளுடைய தொலைபேசி, என் மேசையில் வைத்துத் தொட்டதும் திறந்தது. இருவரும் அதன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் முறை கொழும்பில் அவள் கையை எவரும் கேட்கவில்லை. தோல் வளர்ந்த காலத்துக்குள் பொலிஸ் நற்சான்றிதழின் தவணை முடிந்திருந்தது, கணவர் அனுப்பிய கடிதங்களின் தவணையும் முடிந்திருந்தது. மேலே இருந்த திகதியைப் பார்த்து, பத்திரக் கட்டைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார்கள். கணவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு வருடமாவது ஆகும். அதுவரை வீட்டுக்கு அவளுடைய உழைப்புத்தான்; மறுபடியும் நண்டுக்குப் போனாள்.

போன கிழமை கொம்பனியிலிருந்து திரும்பும் வழியில் வந்து, மிஞ்சிய டோனர்ப் போத்தலை என் முன்னே வைத்தாள். விரல் நுனிகள் மறுபடியும் மினுங்கத் தொடங்கியிருந்தன. அடுத்த வருடம் அந்த ரேகை உமக்கு வேணும், வெறுங்கையால் ஓடு உடைக்காதையும் என்றேன். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை.

"நண்டுக்கு என்னைத் தெரியும் அக்கா. அது ரேகை கேக்கிறேல்லை."

இப்போதும் அந்த டோனரை விற்கிறேன். முகத்துக்கென்று கேட்டு வருபவரிடம் முதலில் கையைக் காட்டச் சொல்வதால், சுருவில் ஊர் வரைக்கும் என்னைக் கைபார்க்கும் சாத்திரக்காரி என்கிறார்கள்.