அம்மா வெட்டி வைத்த மரத்துண்டு

எங்கள் அன்னை எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். நினைவு மலருக்கு மூத்த பிள்ளைதான் எழுதவேண்டும் என்றார்கள், எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன், எத்தனை கரண்டி சீனி என்று கேட்டேன், கோப்பைகளைக் கழுவி அடுக்கினேன். அதைப் பார்த்து யாருக்காவது மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கை கால் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

அம்மா பருத்தித்துறையில் ஐந்து பெண்பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் தையல் பழகினார். அப்பாவைக் கைப்பிடித்து, கைக்குழந்தையாக இருந்த என்னையும் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தார். மொன்ட்ரியால்-நோரில் குடியிருந்த வீட்டில் தம்பி பிறந்தான். உடம்பு இடங்கொடுத்த வரைக்கும் தையல் ஆலையில் காற்சட்டை தைத்தார். ஒருவரைப் பார்த்த பார்வையிலேயே அவருடைய கை நீளத்தைச் சொல்லிவிடுவார். அப்பாவை மட்டும் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. எல்லோரிடமும் "இவர்" என்றுதான் சொல்லுவார். இவருக்குச் சட்டை, இவருக்குத் தேத்தண்ணி.

அந்த அம்மா வீட்டுக்கு ஒரு துவக்கு, துப்பாக்கிதான், வாங்கினார் என்பது உறவினர் பலருக்குத் தெரியாது.

ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்குப் பதினொன்று. பள்ளி விளையாட்டு ஆசிரியர் என்னை இலக்குச் சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டார். தம்பியும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான். அம்மா பார்க்க வந்த முதல் நாள், கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெடி கேட்டதும் எங்கள் இருவரையும் இழுத்துத் தனக்குக் கீழே அமுக்கிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. பேருந்தில் திரும்பும்போது அம்மா சொன்னார்: "என்ர பயம் உங்களுக்கும் ஒட்டக்கூடாது. நீங்கள் வடிவாப் பழகுங்கோ."

கழகத்துத் துவக்குகளுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கவேண்டும். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று வாங்கலாம், ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு உரிமம் வேண்டும் என்றார் பயிற்றுநர்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். உமக்கென்ன விசரோ?" என்றார் அப்பா. அவருடைய தம்பியைத் துவக்குத்தான் கொண்டுபோனது. அந்தக் கதையை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. அம்மா தன் அரைகுறைப் பிரெஞ்சோடு பாதுகாப்பு வகுப்புக்குப் போய், தேறி, விண்ணப்பத்தை அப்பாவின் முன்னால் வைத்தார். அதில் துணைவரும் கையெழுத்திட ஓரிடம் இருந்தது.

"வைச்சுத் தாறன். ஆனா அந்தப் பக்கம் நான் வரமாட்டன்" என்றார் அப்பா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அத்தனை வருடமும் எங்களைக் காரில் கொண்டுபோய் இறக்கினார். உள்ளே மட்டும் காலடி வைக்கவில்லை.

லொங்குய்யில் ஒரு துவக்குக் கடையில் வாங்கினோம். தோளில் உதைப்புக் குறைந்த, சத்தம் குறைந்த சின்னக் குண்டுத் துவக்குத்தான் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று பயிற்றுநர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்காரர் பத்துக் குண்டு போடுகிற ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரேயொரு குண்டு போடுகிற ஒன்றைக் கேட்டார். "ஒண்டு போதும். சுட்டிட்டு நிண்டு யோசிக்கட்டும்" என்று எங்களிடம் சொன்னார். அதுவரை சரி. அதிலேயே பிள்ளைகளுக்கென்று கட்டையாக ஒன்றும் பெரியவர்களுக்கென்று நீளமாக ஒன்றும் இருந்தன. எங்கள் பூட்ஸும் குளிர் ஜக்கெற்றும் எப்போதும் ஓரளவு பெரிதாகத்தான் வாங்கப்படும். அம்மா நீளமானதையே எடுத்தார். "வளருற பிள்ளையள்."

தம்பியால் அதைப் பிடிக்க முடியவில்லை. தோளில் வைக்கும் மரக்கட்டை நீண்டிருந்ததால் கன்னம் எட்டவில்லை; பின்னால் சாய்ந்துகொண்டு நடுங்குவான். இலக்குத் தாளில் ஓட்டையே விழாது. பிழை தன்னில் என்றுதான் நம்பினான். "நான் இனி வரேல்லை. எனக்கு இது சரிவராது" என்றான் ஒருநாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா அவனைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்து, கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தார். "பிழை உன்னில இல்லை. துணிக்கு வளர இடம் விடுற மாதிரி மரத்துக்கும் விட்டிட்டன்" என்றார். தச்சர் ஒருவரிடம் கொடுத்து மரத்தின் பின்பக்கத்தை வெட்டுவித்தார். வெட்டிய துண்டை இரண்டு வில்லையாக அறுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். தைக்கிறவர்கள் எதையும் எறியமாட்டார்கள். மரம் வெட்டி வந்த அன்று தம்பி ஐந்து ஓட்டை விழுந்த தாளைக் கொண்டு காருக்கு ஓடினான். அப்பா அதைப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தம்பி வளர்ந்ததும் அம்மா ஒரு துண்டைத் திரும்பவும் பூட்டுவித்தார். மற்றத் துண்டு எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

போன வருடம் புற்றுநோய் என்றார்கள். தாதியின் சட்டைக் கை ஓரங்குலம் கூட என்று கடைசிக் கிழமையிலும் அம்மா சொன்னார். ஒரு செவ்வாய் காலை, அப்பா ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உரிமம் அம்மாவின் பெயரில் மட்டுமே இருந்தது. தம்பிக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. நான் சுடுவதை விட்டு இரண்டு வருடம். துவக்கைப் பயிற்றுநர் தன் பொறுப்பில் எடுத்துப் போனார். வீட்டில் ஒருவரும் உரிமம் எடுக்காவிட்டால் விற்றுவிடவேண்டும், மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்றார். தம்பி அப்பாவைப் பார்த்தான். "போகட்டும்" என்றார் அப்பா.

போன ஞாயிறு அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தேடித் தையல் பெட்டியைக் கிளறினேன். நூற்கட்டைகளுக்கு அடியில் அந்த மற்றத் துண்டு கிடந்தது. அதில் பென்சிலால் "இவருக்கு" என்று எழுதியிருந்தது.

அப்பாவிடம் கொடுத்தேன். "துவக்கில இதையும் பூட்டினா உங்கட கைக்கு அளவு" என்றேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த மேல்மாடி அக்காவுக்கும், இரவு பகல் பாராது பார்த்த தாதியருக்கும், ரொறன்ரோவிலிருந்து பனியில் காரோட்டி வந்த உறவுகளுக்கும், ஆலைத் தோழியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், கழகத்துப் பயிற்றுநருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இவ்வளவையும் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயிற்றுநருக்கு நன்றி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தாளிட்டச் சொல்லு, அதை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமெண்டு."

"ஓம் அப்பா."

சட்டைப்பையில் இருந்த மரத்துண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த உரிம வகுப்பு முழுக்கப் பிரெஞ்சிலயோ?"