கரும்புகை வண்டிக்குக் கேட் திறக்காது

டீசல் பம்ப் மெக்கானிக்கின் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர் ஒரே ஒருவர்தான். அவரும் வழி கேட்க வந்தவராக இருப்பார்.

மற்றவர்கள் எல்லோரும் "வண்டி இழுக்கலை" என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். வண்டி வைத்திருக்கிற அன்பர்களே, வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு வாக்கப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், ஆமத்தூர்ப் பக்கம் என் கடை. அங்கே உட்கார்ந்து நான் பட்ட பாடெல்லாம் சொல்ல ஒருநாள் போதாது. அதனால் சேசுராஜ் படுத்தின பாட்டை மட்டும் சொல்கிறேன்.

ஃபில்டருக்குள் தரிசனம்

சேசுராஜ் பல வருஷம் அடுத்தவர் லாரி ஓட்டியவன். ஒருவழியாகச் சொந்தத்தில் ஒரு பழைய டர்போ பிக்கப் வாங்கிவிட்டான். ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் அவனிடம், "திருத்தங்கல் பிரஸ்ல இருந்து லேபிளும் அட்டையும் ஒரு லோடு ஏத்திக்கிட்டு வாங்க. மேட்டுல திணறாம வந்து சேந்தா, தீபாவளி சீசன் முழுக்க லோடு உங்களுக்குத்தான். இல்லாட்டி வேற வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டார். கிடைத்தால் அவன் முதலாளி. கிடைக்காவிட்டால் மறுபடியும் அடுத்தவன் ஸ்டியரிங். இது தலைக்குள் புகுந்ததிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்ஜினுக்கு டீசல் தள்ளுற பம்பைப் பெருசாக்கிக் குடுங்க அண்ணாச்சி" என்று வந்து நின்றான். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள்தான் டாக்டர். வரும்போதே ஆபரேஷனை முடிவு செய்துகொண்டு வருவார்கள். "பொறுலே" என்று சொல்லிவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். காலண்டர் பிரஸ் வாசலிலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி, வெட்டுகிற காகிதத் துணுக்கெல்லாம் உள்ளே போய் அடைத்திருந்தது. முருகனின் வேலில் பாதி, லட்சுமியின் தாமரையில் ஒரு இதழ், ஆடி மாசத்தில் கொஞ்சம். காற்றுக்கு வழியே இல்லை. தட்டிக் கொட்டினேன். சேசுராஜ் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, மிதிபடாமல் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டான்:

"இவுகளை வெளிய எடுத்துட்டா வண்டி இழுக்குமா அண்ணாச்சி, இல்ல இம்புட்டு நாளும் இவுகதான் இழுத்துக்கிட்டு வந்தாகளா?"

நர்ஸ் அம்மா சொன்ன டோஸ்

இழுத்தது. ஆனால் அட்டைக் கட்டு ஏற்றினால் மேட்டில் மூச்சு வாங்கியது. பம்பைத் திறந்து பார்த்தால், டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர் தேய்ந்து போயிருந்தது. சரி, ஆசைப்பட்டுவிட்டான், நல்லதாகவே செய்வோம் என்று ஒரு சுற்றுப் பெரிய பிளஞ்சர் போட்டு, பம்பை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி ஓட்டினேன். கண்ணாடிக் குழாய்கள் எல்லாவற்றிலும் டீசல் ஒரே மட்டத்தில் வந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

சூலக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி பறந்தது. அவன் பாடினான். அவன் பாட்டுக்கு வண்டிச் சத்தமே தேவலை. திரும்பி வந்ததும் பம்பில் இருக்கிற டீசல் திருகைக் காட்டி, அது நின்ற இடத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். "டீசலைக் கூட்டினா மட்டும் பத்தாதுலே. டர்போ தர்ற காத்துக்குத் தக்கனதான் டீசல். இந்தத் திருகுல கை வச்சே, கை இருக்காது" என்றேன். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தவர், புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மருந்து சரியாத்தான் குடுத்திருக்கீக அண்ணாச்சி. ஆனா சீக்கிரம் குணமாகட்டும்னு மொத்த மாத்திரையையும் ஒரே வாயில போடுற ஆளு இவுக."

வாசலில் ஒரு வெள்ளைத் துண்டு

லோடு கொண்டுபோன அன்று காலையில் போன். "அண்ணாச்சி, கேட்டுல நிறுத்திட்டாக." குரலே சரியில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பெனி வாசலில் அட்டைக் கட்டோடு பிக்கப் நிற்கிறது. பின்னால் கரும்புகை, சூளை வைத்த மாதிரி.

மற்ற ஊர்களில் புகை தள்ளினால் டிரைவர் மீசையை முறுக்குவான். எங்கள் பக்கம் அது நடக்காது. பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டிக்குச் சைலன்சர் வாயில் தீப்பொறி தடுக்கிற வலை இருக்க வேண்டும். செல்போனும் தீப்பெட்டியும் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அந்தக் கேட்டு வாட்ச்மேன் இன்னும் ஒரு படி மேலே. தோளில் கிடக்கிற வெள்ளைத் துண்டைச் சைலன்சருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "ஆக்சிலேட்டரை மிதிங்க" என்பார். துண்டு கறுத்தால் வண்டி வெளியே. சேசுராஜ் வண்டிக்குத் துண்டு அடுப்புக்கரித் துணியாகிவிட்டது. நான் பானெட்டைத் தூக்கினேன். சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறது திருகு! எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். மேனேஜர் வெளியே வந்து, "சாயங்காலத்துக்குள்ள அட்டை உள்ள வரணும். வேற வண்டிக்குச் சொல்லவா?" என்றார். சேசுராஜ் வாட்ச்மேன் கையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் புகைதான ஐயா, கொஞ்சம் விடுங்க" என்று கெஞ்சினான். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சொன்னார்:

"நாங்க செய்யிற சரக்கு, வாங்குனவுக வாசல்ல போயித்தான் தம்பி வெடிக்கணும். எங்க வாசல்ல இல்ல."

பைண்டிங் வைத்தியம்

மேனேஜரிடம் சாயங்காலம் வரை தவணை வாங்கி, பைக்கை அங்கேயே போட்டுவிட்டு, அவனோடு ஏறி வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். வழி முழுக்க அவனை வாயில் வந்தபடி திட்டினேன். அப்புறந்தான் எனக்கு உறைத்தது: நான் விட்டபோது பறந்த வண்டிக்கு இவன் எதற்காகத் திருகைத் திருக வேண்டும்? "என்னலே ஆச்சு?" என்றேன். "நேத்து பிரஸ்ஸுக்குப் போகையில திடீர்னு இழுவை கொறஞ்சிருச்சு அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிஞ்சா வைவீகளேன்னு..." என்று தலையைச் சொறிந்தான்.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுப் போகிற ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று ஏதோ கையில் ஒட்டியது. குழாயில் நீளமாக ஒரு கிழிசல். அதன் மேல், நோட்டுப் புத்தகத்துக்கு முதுகு ஒட்டுகிற பைண்டிங் துணி! பிரஸ்ஸில் இருந்த பசையை வாங்கித் தடவி, மூலை மடித்து, அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருக்கிறான். வண்டி சூடானதும் பசை உருகி, காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. காற்றுப் போன குறைக்கு இவன் டீசலைக் கூட்டியிருக்கிறான். புகை வராமல் பன்னீரா வரும்? நானும் இத்தனை காலம் தொழில் செய்கிறேன், இப்படி ஒரு வைத்தியத்தைப் பார்த்ததில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் பயந்து பயந்து சிரிக்க ஆரம்பித்து, பிறகு ரோஷத்தோடு சொன்னான்:

"என்ன சிரிக்கீக? இதே பசையிலதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நோட்டெல்லாம் வருசம் பூரா பிரியாம நிக்கி!"

போனில் கேட்ட சத்தம்

புதுக் குழாய் மாட்டினேன். திருகைச் சிவப்புக் கோட்டுக்கே கொண்டுவந்தேன். வெயில் சாய்வதற்குள் மறுபடியும் கம்பெனி வாசல். சேசுராஜ் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். வாட்ச்மேன் வேறு துண்டை எடுத்துவந்து பிடித்தார். "மிதிங்க." நான் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன நேர்ந்தேன் என்பது எனக்கே ஞாபகமில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். முழு லோடோடு வண்டி உள்ளே இருந்த மேட்டில் அலுங்காமல் ஏறிப் போனது.

நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். நேரம் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் அட்டையை இறக்கிவிட்டு வண்டி வெளியே வந்தது. இறங்கினவன் என்னைப் பார்த்தான். அப்படியே என் கிரீஸ் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நானும் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; மறைப்பானேன். சரியாக அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஸ்டெல்லா.

"அண்ணாச்சி, இவுக போன் எடுக்கல. என்ன ஆச்சு?"

போனை அவன் பக்கம் நீட்டினேன். அவன் விம்முகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஒரு சிரிப்பு.

"அழுறாகளா? அப்பச் சரி, சீசன் கெடச்சிருச்சு. கெடைக்கலைன்னா, 'ஒண்ணுமில்லடி, சோத்தைப் போடு'ன்னு சொல்லியிருப்பாக."

டீசலையும் காற்றையும் அளந்து விட எங்கள் தொழிலில் எல்லாக் கருவியும் வந்துவிட்டது, ஆனால் சந்தோஷம் கூடிப்போய்க் கண் வழியாக ஒழுகுகிறதே, அந்த லீக்குக்கு மட்டும் இன்றுவரை ஒரு வாஷரும் வரவில்லை.