இரண்டு மூட்டை கனம்

இப்போது என்னைப் பார்ப்பவர்களிடம் நான் ஒரு காலத்தில் தடித்த ஆள் என்று சொன்னால் நம்புவதில்லை. சட்டை தோளில் நிற்காமல் சரிகிறது. எடை ஏறவில்லையே என்பதுதான் இப்போதைய கவலை. அன்று கவலை வேறு விதம்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, போடியில் ஏலக்காய் மூட்டைகளை வாங்கி அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்போது எழுந்திருப்பேன். நடுவில் எழுந்திருப்பது சாப்பாட்டுக்கு மட்டும். இப்படிப் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, என் மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி மலையிலிருந்து வரும் வரை.

ஒரே மகள். மாப்பிள்ளை போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்கவேண்டும். ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் போட்டு, பெண்ணை அழைத்து வருவது முறை. பிறந்த வீட்டு ஆண் ஒருவர் போய்க் கூப்பிட்டால்தான் சம்பந்தி வீட்டில் அனுப்புவார்கள். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை யாரும் இடம் மாற்றுவதில்லை. அதற்குப் பிறகு மலையில் மழை பிடித்துக்கொள்ளும். எனக்கு மகன் இல்லை. என் மைத்துனர் கடல் கடந்து கண்டிச் சீமையில் இருந்தார். ஆகவே நான் போகவேண்டும். ஏழாம் மாதம் தவறினால், மருத்துவச்சி இல்லாத அந்தப் பனிக்காட்டில்தான் என் மகள் பிள்ளை பெறவேண்டும்.

இப்போது மோட்டார் ஏறும் பாதை அன்று இல்லை. மாடும் மட்டக்குதிரையும் போகும் தடம்தான். என்னால் ஏற முடியுமா என்று பார்க்க ஒருநாள் மலை அடிவாரத்து முந்தலுக்குப் போய், முதல் ஏற்றத்தில் கால் வைத்தேன். இரண்டாவது வளைவு வருவதற்குள் நெஞ்சு உலக்கை போடுவது போல அடிக்க, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஏலக்காய்ப் பொதி சுமந்து இறங்கிய மாடு ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

மறுநாள் டாக்டரிடம் போனேன்.

"உடம்பைக் குறைக்கணும்" என்றார்.

"எவ்வளவு?"

"நல்லாவே குறைக்கணும்."

"நல்லாவேன்னா எத்தனை வீசை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஆரம்பிங்க. எங்க நிறுத்தணும்னு உடம்பே சொல்லும்."

என் உடம்பு அதுவரை பசிக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் என்னிடம் சொன்னதில்லை. போய்ச் சேரவேண்டிய இடம் தெரியாமல் எப்படிப் புறப்படுவது? எனக்கு ஓர் எண் வேண்டும். எண் இல்லாத காரியத்தில் எனக்குக் கை ஓடாது.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி ஆயிருங்க, போதும்" என்றாள்.

"அன்னைக்கு எவ்வளவு இருந்தேன்?"

"மாப்பிள்ளையை நிறுத்தா கட்டிக்குவாக? மாலை நேரா தொங்குச்சு. அதான் தெரியும். இப்பப் போட்டா வயித்துல படுத்துக்கிரும்."

அவள் சொன்னதும் எண் இல்லை. கடைசியில் எண் கிடைத்தது டோலிக்காரர்களிடம். மகள் இறங்கி வருவதற்கு எப்படியும் டோலி பேசவேண்டும். ஏறும்போது அது வெறுமையாகத்தானே போகிறது, நான் உட்கார்ந்து போகலாமே என்று நினைத்தேன். முந்தலில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தோளில் மூங்கில் அழுத்திக் காய்த்த தழும்பு உள்ளங்கை அகலம் இருக்கும்.

"கணக்கய்யா, நாலு தோளுக்கு ஒரு அளவு இருக்கு" என்றார். "ரெண்டு மூட்டை ஏலக்காய் கனம்னா மெட்டு வரைக்கும் கொண்டு போயிருவோம். அதுக்கு மேல ஒரு பிடி உப்புகூட வேண்டாம். வளைவுல மூங்கி பேச ஆரம்பிச்சிரும்."

"நான் இப்ப எவ்வளவு இருப்பேன்?"

அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு மூட்டை. அப்புறம் ஒரு ஆட்டுக்குட்டி."

"குட்டியா? கெடான்னு சொல்லுங்கண்ணே" என்றார் பின்னால் நின்றவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எண் கிடைத்த சந்தோஷத்தில். எங்கள் கிட்டங்கியில் ஒரு மூட்டை மூன்று மணங்கு. இரண்டு மூட்டை ஆறு மணங்கு. நான் ஆறு மணங்கு ஆகவேண்டும். டாக்டருக்குத் தெரியாதது நாலு தோள்களுக்குத் தெரிந்திருந்தது.

மனிதனை வியாபாரத் தராசில் நிறுப்பது நல்லதில்லை என்பார்கள். அதனால் கிட்டங்கிக் கதவைச் சாத்திவிட்டு எடைக்காரர் என்னைத் தட்டில் உட்காரவைத்தார். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். தட்டு தரையை விட்டு எழும்பினால் எனக்குத் தலை சுற்றும். மறு தட்டில் அவர் இரும்புக் கற்களை ஏற்றினார். ஒன்று என்று சொல்லாமல், வழக்கம் போல, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போனார்.

"ஏழு மணங்கு, ரெண்டு வீசை" என்றார்.

எட்டு வீசை ஒரு மணங்கு. பத்து வீசை குறைக்கவேண்டும். நாலு மாதம் இருந்தது.

அன்றிலிருந்து நெய் நிறுத்தினேன். காலையில் கேப்பைக் கூழ், மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவில் மோர். விடியும் முன் முந்தல் சாலையில் நடந்தேன். முதலில் ஊர் எல்லை வரை, பிறகு புளியந்தோப்பு வரை, பிறகு மலை அடிவாரம் வரை. ஒவ்வொரு அமாவாசைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு தராசில் ஏறினேன். ஏழு ஆனது. ஆறேமுக்கால் ஆனது. ஒரு மாதம் இம்மியும் குறையவில்லை. அந்த மாதம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. போன எடை எங்கே போகிறது என்று வியப்பாக இருக்கும். ஏலக்காய் காய்ந்தால் அதன் ஈரம் புகையாகப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். என்னிடமிருந்து வீசை வீசையாகப் போனதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் கடைசி எடை. சங்கிலியைப் பிடித்தேன். அதற்குள் தலைசுற்றல் குறைந்திருந்ததால் கண்ணைத் திறந்தே உட்கார்ந்திருந்தேன்.

"ஆறு மணங்கு. ஒரு பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார் எடைக்காரர்.

எதிர்த் தட்டில் ஆறு மணங்குக் கற்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று வீசைக் கற்களும் இருந்தன.

"அது என்ன?" என்றேன்.

"எது?"

"அந்த மூணு வீசை."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழிவு" என்றார்.

எங்கள் கிட்டங்கியில் சாக்குக்கும் ஈரத்துக்குமாக மணங்குக்கு அரை வீசை கழிப்பது வழக்கம். எடைக்காரர் வாயிலிருந்து வருவது கழித்து நின்ற எடைதான். இருபது ஆண்டுப் பழக்கத்தில் என்னையும் அப்படியே கழித்திருக்கிறார்.

"நான் என்ன சாக்கா?"

"வேட்டி கட்டியிருக்கீகள்ல" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

அன்று வீட்டில் ஏழு வகைச் சோறு கிண்டத் தொடங்கிவிட்டார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், எள் என்று வாசனை தெருவரை வந்தது. மூன்று வீசை கூடுதலோடு நான் அதன் நடுவில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தில் மிச்சமிருந்த நல்ல நாள் மறுநாள் ஒன்றுதான். மூன்று வீசையை ஓர் இரவில் எங்கே இறக்கி வைப்பது?

காலையில் முந்தலில் டோலிக்காரர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். மூத்தவர் கேட்டு முடித்துவிட்டு, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நாலு பேரும் மூங்கிலைத் தோளில் வாங்கி நிமிர்ந்தார்கள். மூங்கில் பேசவில்லை.

"ரெண்டு மூட்டை" என்றார் மூத்தவர்.

"கூட மூணு வீசை இருக்கே."

"எங்க மூட்டையிலயும் அது இருக்குல்ல, கணக்கய்யா. கழிவு உங்க கிட்டங்கி வாசல்ல. நாங்க தூக்குறது கழிக்காத மூட்டை."

மூட்டைக்கும் எனக்கும் ஒரே கழிவு. மூட்டையைக் கழித்த எடையில் நான் எடுத்துக்கொண்டது ஒரு தப்பு, எடைக்காரர் என்னைக் கழித்தது ஒரு தப்பு. தப்பும் தப்பும் சேர்ந்து கணக்கு நேராகிவிட்டது. பிழைகளைத் திருத்தியே பிழைத்தவன் நான். ஒரு பிழை என்னைக் காப்பாற்றியது அன்று ஒருமுறைதான்.

ஏறத் தொடங்கினோம். என் மனைவியும் இரண்டு உறவுப் பெண்களும் சோற்றுக் கூடைகளோடு முன்னால் நடந்தார்கள். "கூடையில கை வைக்காம வந்தீகன்னா சரி" என்று அவள் திரும்பிச் சொன்னாள்.

வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. பல வளைவுகள் ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். மலை அடியிலேயே பிறந்து வளர்ந்தவன், மேலிருந்து கீழே பார்த்தது அன்றுதான். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பச்சைத் துணி விரித்தது போல் கிடந்தது. போடி அதில் ஒரு பிடி. அந்தப் பிடிக்குள் எங்கோ என் கிட்டங்கி, அதற்குள் என் மேசை. ஒரு மேகம் வந்து ஊரையே மூடியது. பிறகு போனால் போகிறது என்பது போல் விட்டுவிட்டு நகர்ந்தது.

அப்போதுதான் அந்த நாலு பேரின் மூச்சு காதில் விழுந்தது. பழக்கத்தில் கணக்குப் போட்டேன். என்னை நாலாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை மணங்கு. நான் இந்த மாதங்களில் இழந்தது கிட்டத்தட்ட அதே கனம். அப்படியானால் இதில் ஒருவர் சுமக்கும் சுமையை, தோள் மாற்ற ஆளில்லாமல், தூங்கும்போதும் இறக்கி வைக்காமல், நான் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். உட்கார்ந்தே இருந்தேன் என்றல்லவா நினைத்தேன்? இந்த நெஞ்சு அத்தனை நாளும் ஒருமுறைகூட நிற்காமல் அடித்திருக்கிறது. சட்டைக்கு மேல் கையை வைத்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இறக்குங்க" என்றேன்.

"ஏன், தலை சுத்துதா?"

"நடந்து பார்க்கிறேன்."

"மெதுவா வாங்க. வெரசா நடந்தா மறுபடியும் நாங்கதான் தூக்கணும்" என்றார் பின்னால் இருந்தவர்.

நடந்தேன். நின்று நின்று நடந்தேன். நெஞ்சு அடித்தது, ஆனால் உலக்கை போல இல்லை. மெட்டில் டோலி எனக்கு முன்னால் வெறுமையாகப் போய்ச் சேர்ந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில் மகள் நின்றாள். முகம் உருண்டு, இடுப்பில் கை ஊன்றி, வேறு ஒருத்தி போல இருந்தாள். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

"என்னப்பா, பாதி ஆளா வந்திருக்கீக?"

"உன்னைக் கூப்பிடத்தான்."

"அங்க விட்டதெல்லாம் இங்க வந்து சேந்திருச்சு" என்று வயிற்றைக் காட்டிச் சிரித்தாள்.

அவள் வேடிக்கையாகச் சொன்னாள். நான் மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். அதே நாலு மாதம். கீழே ஓர் உடம்பு குறைந்துகொண்டிருந்தபோது மேலே ஓர் உடம்பு கூடிக்கொண்டிருந்தது. யாரும் கற்களை ஏற்றவில்லை, இறக்கவில்லை.

இறங்கும்போது டோலியில் அவள் உட்கார்ந்தாள். மூத்தவர் மூங்கிலைத் தூக்கி ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்க என் நாக்கு நுனி வரை வந்தது. மனைவி முறைத்தாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார். நான் டோலிக்குப் பின்னால், அவள் கால் அசைவதைப் பார்த்துக்கொண்டே முந்தல் வரை நடந்து இறங்கினேன்.

எட்டாம் மாதம் பிறப்பதற்குள் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். மலையில் மழை அடைத்திருந்தபோது, மருத்துவச்சி பக்கத்திலிருக்க, பேரன் பிறந்தான். குழந்தையைப் பார்க்க எடைக்காரர் வந்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். மூட்டை தூக்கிப் பார்த்த கை, சும்மா இருக்குமா? உதடு அசைந்தது.

"என் பேரனுக்கு ஒரு பலம் கழிச்சீகன்னா பாருங்க" என்றாள் என் மனைவி.

அவர் குழந்தையை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். வீசையையும் மணங்கையும் ஒரு கையாலேயே எழுதித் தள்ளிப் பழகியவன், இதற்கு இரண்டு கையும் போதுமா என்று பயந்தேன்.