பார்க்காமல் எடுத்த ரீடிங்

சிங்கப்பூரில் முதலில் என்னை மிரட்டியது உயரக் கட்டடங்கள் அல்ல. பூன் லே தொழிற்சாலையின் பம்ப் அறையில் எல்லா மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்ததுதான். எனக்கு ஓடாத இயந்திரங்களோடுதான் பழக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டும் லேத் மெஷின் பிளாஸ்டிக் உறைக்குள் யோக நித்திரையில் இருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றிச் சந்தனம், குங்குமம் வைப்போம். "தொட்டுக் கும்பிடுங்கடா, சுவிட்ச்சத் தொடாதீங்க" என்பார் லேப் அசிஸ்டென்ட்.

அதற்காக நான் சோடை போனவன் என்று நினைத்துவிடாதீர்கள். பரிசோதனையில் என்ன விடை வர வேண்டும் என்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். அதிலிருந்து கணக்கைப் பின்னோக்கிப் போட்டு ரீடிங்கைக் கண்டுபிடிப்போம். நம்பும்படி இருக்க ஓரிரு புள்ளி கூட்டிக் குறைப்போம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பிரியாணியை முடிப்பதற்குள் வகுப்பே பரிசோதனையை முடித்திருக்கும். இந்தக் கலையில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

இங்கே மணிக்கொரு முறை சுடுநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கேஜில் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். முள் எப்போதும் நாலிலேயே நிற்கும். ஒரு வாரம் எட்டிப் பார்த்தேன். பிறகு, படித்த படிப்பு வீணாகக் கூடாதே என்று நாற்காலியில் இருந்தபடியே 4.0, 4.1, 3.9 என்று எழுதலானேன். இங்கே வேலை செய்வதற்கான அனுமதியான வொர்க் பாஸைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தில், சூப்பர்வைசர் செல்வராணி அக்கா அந்தத் தாளோடு வந்தார். சிங்கப்பூரிலேயே, ஈசூனில் பிறந்து வளர்ந்தவர்.

"தம்பி, கேஜைக் காலையிலேயே கழட்டி டெஸ்டிங்குக்கு அனுப்பியாச்சு லா. நீங்க எப்படி ரீடிங் எடுத்தீங்க?"

செய்முறையைக் கேட்கிறார் என்று நினைத்து, ஆர்வமாக விளக்கினேன்.

"நீங்க படிச்சது இன்ஜினியரிங்கா, ஜோசியமா? பிரஷர் ஏறி பைப் வெடிச்சா கீழ வேலை செய்யிறவங்க கதி என்ன? இன்னொரு தடவை இப்படி எழுதினா உங்க பாஸை ரினியூ பண்ணச் சொல்ல மாட்டேன்."

கூனிக் குறுகிப்போனேன். கீழே ஆட்கள் இருப்பார்கள் என்று எந்த ரெக்கார்டு நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. அன்று மீதி நேரம் முழுக்கப் பம்புக்குப் பக்கத்திலேயே நின்று, மணிக்கொரு முறை "கேஜ் இல்லை" என்று எழுதினேன். அந்த முதல் வாரத்தை விட்டால், படிப்பிலும் வேலையிலும் நான் நேர்மையாக எடுத்த முதல் ரீடிங் அது.

மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அம்மா அழைத்தார்.

"வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?"

"ரொம்ப நல்லா போகுதும்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, இப்பத்தான் கடைக்கு நடந்து போனாரு."

அப்பா காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் படத்தைத் தங்கை காலையிலேயே அனுப்பியிருந்தாள்.

"சரிம்மா, வந்ததும் பேசச் சொல்லு" என்றேன்.