இடவலம் மாறிய நாரை

அறுபதுகளில் சிவகாசியில், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அண்ணாச்சிக்கு வேலை. தாளில் எழுத்து நேராக விழ வேண்டுமென்றால், அச்சுக் கல்லில் அதை இடவலம் மாற்றி எழுத வேண்டும். அதை எழுதுகிறவர் அவர். மெலிந்த உடம்பு, மை ஏறிக் கறுத்த நகங்கள். மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவைகளைப் படமெடுக்கக் கரையில் நடப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"வலப்பக்கம் பாருங்க, நாரை நிக்குது," என்றார். பார்த்தேன். கருவேலமரம்தான் நின்றது.

"அது இடப்பக்கம்ல நிக்குது, அண்ணாச்சி," என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

அவர் கேமராவின் மேலே, படமெடுக்கக் குனிந்து பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் காட்டினார். அதில் எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும். நாரை வலப்பக்கம் நின்றது.

"மத்தவுகளுக்கு இதைப் பாத்தா தலை சுத்தும். எனக்கு வெளிய பாத்தாத்தான் சுத்துது. கல்லு அப்படிப் பழக்கிருச்சு. லீவு நாள்லயும் விட மாட்டேங்குது."

அப்போது நாரை எழும்பி எங்கள் தலைக்கு மேலாகப் பறந்தது.

"அண்ணாச்சி, மேல பாருங்க."

அவர் நிமிரவில்லை. கண்ணாடியின் எந்த ஓரத்தில் அது மறைந்ததோ, அந்த ஓரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.