நிழலில் வெளுத்த கொழுந்து

காலை ஏழு பத்துக்குக் கரண்ட் போனது. உள்ளறையின் நாற்பது வாட் பல்பு அணைந்ததும், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா அதை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது குழந்தையின் கண். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி. நான் நான்காம் வகுப்பு. மதுரையில் பல குடித்தனங்களுக்கு ஒரே முற்றம் கொண்ட வளவு ஒன்றில் குடியிருந்தோம். குழந்தை சித்தியுடையது. சித்தியைக் கட்டிக்கொடுத்தது சோழவந்தானில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். அவளுக்குத் தாய்வீடு என்று இருந்தது எங்கள் வீடுதான்; பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள்.

சித்தி கறுப்பு. பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் அதைச் சொன்னார், பிறகும் நிறுத்தவில்லை. அதனால், பிறந்த பெண் நாளுக்கு நாள் பொன்னிறமாகி வந்தபோது வளவே கூடி வியந்தது.

"எலுமிச்சம்பழம் கணக்கா இருக்காளே, யாரு சாடைடி?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

சித்தி சிரித்தாள். அன்றே உள்ளறை ஜன்னலில் கம்பளிப் போர்வையைக் கட்டினாள். அம்மா கேட்டதற்குக் காரணமும் சொன்னாள்.

"எங்க கொடிக்கால்ல பாருக்கா. அகத்தி நெழல்ல கெடக்குற கொழுந்துதான் வெளுப்பா, பூ மாதிரி வரும். வெயிலடிச்ச எல கறுத்து மொரடாயிரும்."

"அது வெத்தலடி. இது பிள்ள."

"ரெண்டும் உசுருதானேக்கா."

அந்தப் பல்பின் கீழே எங்கள் எல்லோர் முகமும் மஞ்சள்தான். கரண்ட் போகும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் மஞ்சள் நின்றது. நெஞ்சு, முழங்கால், உள்ளங்கால் என்று எல்லா இடமும் அப்படியே. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காமாலை. இன்னும் ஏறினால் மூளையைத் தொடும், ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அடிக்கடி பால் கொடுங்கள், காலை இளவெயில் காட்டுங்கள், நாளைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார்.

சித்தி கேட்டது ஒன்றுதான். "வெயில்ல கறுத்துற மாட்டாளா டாக்டரம்மா?"

"கறுத்தா என்னம்மா? நீ நல்லாத்தானே இருக்க?"

மறுநாள் மொட்டை மாடியில் காத்திருந்தோம். வெயில் முதலில் கைப்பிடிச் சுவரில் விழுந்தது. பிறகு கொடியில் கிடந்த வேட்டியில். அப்புறம் அம்மாவின் மடியில், கண்ணைத் துணியால் மூடி, உடுப்பில்லாமல் கிடந்த குழந்தையின் காலில். சித்தி முந்தானையைக் கூடாரம் போல் விரித்தாள்.

"எடுடி கைய," என்று அம்மா அதட்டினாள்.

முந்தானை விலகியதும் குழந்தை கால்விரல்களை விரித்தது. சூரியன் எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருப்பதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பி வந்த ஒன்று இந்தத் துளி விரலுக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தினமும் ஆஸ்பத்திரிக்கும் போனோம், மாடிக்கும் போனோம். டாக்டரம்மா செய்ததைப் போலவே நானும் மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். உள்ளங்கால் முதலில் தெளிந்தது. பிறகு முழங்கால், வயிறு, நெஞ்சு. மஞ்சள் மேலே மேலே ஒதுங்கிப் போய், கடைசியில் கண்ணையும் விட்டது. இனிப் பயமில்லை என்றார்கள்.

மஞ்சள் போன இடத்தில் சித்தியின் நிறம் இருந்தது. வெயில்தான் அதைப் பூசியது என்று நினைத்தேன்; முதலிலிருந்தே அடியில் அதுதான் இருந்தது என்று அப்போது தெரியாது. சித்தி தன் கையைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னிறப் பேத்தி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் மாமியார் வந்தார். அம்மா உள்ளறையில் பல்பைப் போட்டுப் பாய் விரித்தாள்.

"உள்ள வச்சே குடுடி. இங்கன ஒண்ணுந் தெரியாது," என்றாள் சித்தியின் காதில்.

அம்மா ஏன் குரலைத் தாழ்த்தினாள் என்று எனக்குப் புரியவில்லை. முற்றத்தில் வெயில் நேராக இறங்கியிருந்தது. சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்று, மாமியார் கையில் கொடுத்தாள்.